மூன்று பக்கம் பாக்கி

ஒரு கதை என்னைக் கொன்றுவிடும் என்று நான் நம்பினேன். சும்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோறு இறங்காமல், படுத்தால் தூக்கம் வராமல், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு நம்பினேன். இத்தனைக்கும் எட்டாவது பாஸ் செய்தவன். கதையை எழுதியவர் எங்கள் ஃபோர்மேன். கதையில் சாகிறவன் ஒரு கம்பாசிட்டர், அதாவது அச்சுக்கு ஈய எழுத்துக் கோர்க்கிறவன். எங்கள் அச்சகத்தில் கம்பாசிட்டர் என்று இருந்தது நான் ஒருத்தன்தான். பயந்தது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கண் மங்கிவிட்டதால் ஐம்பது தாண்டிய கொஞ்ச நாளிலேயே நான் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டேன். கடைசியாக வேலை பார்த்த திண்டுக்கல் அச்சகத்துக்கு இப்போதெல்லாம் ஒரு டாக்டர் வந்து எல்லோருடைய ஈறையும் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் வந்த ஒருநாள் நானும் போயிருந்தேன். வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்ற தம்பிமார்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதெல்லாம் எதுக்குண்ணே? நீங்க அத்தன வருசம் ஈயத்துல கெடந்தீங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே" என்றார்கள். நான் குத்துக்கல்லாக இருப்பதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை. நின்ற இடம்.

தொழில் கற்ற கதை சின்னது. அட்டுவம்பட்டியில் பிறந்தேன். மதுரையில் ஒரு அச்சகத்தில் கூட்டினேன், பெருக்கினேன், அடி வாங்கினேன். எழுத்துப் பெட்டியின் எந்தக் குழியில் எந்த எழுத்து கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வந்ததும் மறுபடி மலையேறி வந்துவிட்டேன். மதுரை வெயில் எனக்கு ஆகவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அங்கே என்னை யாருக்கும் ஆகவில்லை என்பதுதான் உண்மை.

ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானல் பஜாரில் சையது ராவுத்தர் அச்சகத்தில் சேர்ந்தேன். முதலாளி பழனிக்காரர். கீழே பழனியில் கடையும் மலைமேல் அச்சகமுமாக இருந்தவர். ஹோட்டல்காரர்களின் சாப்பாட்டு அட்டை, பள்ளிக்கூடத்து மார்க்கு அட்டை, கல்யாணப் பத்திரிகை, பழனிக்குக் காவடி எடுக்கிறவர்களின் நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். ஒரு கால்மிதி மிஷின், ஒரு வெட்டுக் கத்தி, நாலு எழுத்துப் பெட்டி. ஆள் என்று பார்த்தால் மிஷின் மிதிக்க ஒருவர், எழுத்துக் கோர்க்க நான், எங்களுக்கு மேலே ஃபோர்மேன் தண்டபாணி அண்ணன்.

தண்டபாணி அண்ணனைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்வார். பழனி அடிவாரத்தில் விபூதிக் கடைக் குடும்பம். ஊருக்குத் திரும்பிப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரர் ஏலம் விட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெள்ளனே வந்து நிற்பார். கோபம் வராது. நான் ஒரு எழுத்தைத் தப்பாகக் கோர்த்துவிட்டால் இடுக்கியால் அதை மெதுவாக உருவி, என் உள்ளங்கையில் வைத்து, "ஏலே அந்தோணி, இது யார் வீட்டுப் பிள்ள? ஏன் நம்ம வீட்டுப் பந்தியில உக்காந்திருக்கு?" என்று கேட்பார். அந்த எழுத்தை நானே எழுந்து போய் அதன் குழியில் போட்டுவிட்டு வர வேண்டும். மதுரையில் வாங்கிய அடியே தேவலாம் என்றிருக்கும்.

மலைக்குளிரில் எழுத்துக் கோர்ப்பது தனிப் பாடு. இடது கையில் ஸ்டிக் என்கிற இரும்புத் தட்டு. வலது கை குழியிலிருந்து எழுத்தைப் பொறுக்கி அதில் அடுக்கும். விரல் மரத்துவிட்டால் எழுத்து நழுவும். பனிமூட்டம் உள்ளே வந்தால் காகிதம் நமுத்துப்போகும். ஆகவே ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிடுவோம். மூலையில் ஒரு கரியடுப்பு, அதன் மேல் ஓர் இரும்புச் சட்டி. தேய்ந்த எழுத்தையும் உடைந்த தகட்டையும் அந்தச் சட்டியில் உருக்கி, வரிக்கு வரி நடுவே வைக்கும் மெல்லிய தகடுகளாக ஊற்றிக்கொள்வோம். அடுப்புக்கு அந்தச் சோலி போக இன்னொரு சோலியும் உண்டு, குளிர்காய்வது. அடுப்பை ஒட்டிய இடம் ஃபோர்மேனுடையது. பதவிக்கு உண்டான மரியாதை அது. கதவோரம் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்ற நான், என்றைக்காவது ஃபோர்மேன் ஆனால் சம்பளம்கூட வேண்டாம், அந்த மூலை போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் முதலாளி எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு வெல்லமும் ஆடலூர்ப் பக்கத்து மலைவாழைப்பழமும் கொடுப்பார். ஈயத்தை வயிற்றிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்று அந்தக் காலத்து அச்சகங்களில் ஒரு நம்பிக்கை. அண்ணன் தம்முடையதை என் பக்கம் தள்ளிவிடுவார். "எனக்கு வயித்துக்கு ஒத்துக்கல, நீ தின்னு" என்பார். நான் இரண்டையும் தின்பேன்.

இந்த மனிதர்தான் கதை எழுதினார். எழுதினார் என்று சொல்வதே தப்பு. பேனாவையும் காகிதத்தையும் அவர் தொட்டதில்லை. வேலை ஓய்ந்த மத்தியான நேரத்தில் ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் நிற்பார். எதிரே எந்தத் தாளும் இருக்காது. கை பாட்டுக்குக் குழிகளுக்குள் போய் வரும். ஈயத்திலேயே கதை வளரும். நடுநடுவே மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வரும். அந்தச் சத்தம் கேட்டால் கதையில் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எல்லாமே சாவுக் கதைகள், எல்லாமே சிரிப்பு. ஒன்றில், பள்ளங்கியில் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று தமக்குச் சவப்பெட்டி முன்கூட்டியே வாங்கி வைக்கிறார். சும்மா கிடக்கிறதே என்று அதில் விதை உருளைக்கிழங்கைக் கொட்டி வைக்கிறார். அவர் சாகும்போது பெட்டி நிறையக் கிழங்கு. நடவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கிழங்கை வெளியே எடுத்தால் பனியில் அழுகும், ஆளை வெளியே வைத்தாலும் அதேதான். எதை முதலில் காப்பாற்றுவது என்று பிள்ளைகள் பஞ்சாயத்து வைக்கிறார்கள். இன்னொன்றில், மலை அடிவாரத்தில் பக்தர்களுக்கு மொட்டை போடுகிற ஒருவருக்குப் பாதித் தலையில் மணிக்கட்டு விழுந்துவிடுகிறது. கத்தி கையில் இருக்கிறது, கை தூக்கவில்லை. பாதி மொட்டையோடு ஒரு கூட்டமே மேலே சாமியிடம் போகவும் முடியாமல், கீழே வீட்டுக்குப் போகவும் முடியாமல், அவர் குணமாக வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறது. மற்றொன்றில் ஒருவருக்கு வயிற்றுவலி. நாட்டு வைத்தியரும் டாக்டரும் மந்திரவாதியும் ஒரே வேளையில் வந்து வாசலில் தகராறு செய்கிறார்கள். உள்ளே அவர், தகராறு முடியட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்து செத்துப்போகிறார்.

கொடைக்கானல் பக்கம் நடக்கும் இந்தக் கதைகளில் ஒரு சொட்டு மழை பெய்யாது. கிழவன் கிழவி கிடையாது. யாரும் வாழைப்பழம் தின்பதில்லை. பிற்பாடு இதைப் படித்த ஒரு தமிழ் வாத்தியார், என்ன கட்டுப்பாடு, என்ன சிக்கனம் என்று மெச்சினார். எங்களிடம் ழ எழுத்து குறைச்சல். இருந்ததையெல்லாம் பழனி நோட்டீஸ் தின்றுவிடும். நோட்டீஸ் இல்லாத ஒரு வாரத்தில்தான் அந்த உருளைக்கிழங்குக் கதையே வந்தது. கையில் எந்த எழுத்து இருக்கிறதோ அதற்குத் தக்கபடி அண்ணன் கதையை வளைப்பார்.

முதலாளி ஒருநாள் அச்சடித்துப் பார்த்த தாளை எடுத்துப் படித்தார். படித்துச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லா, மய்யித்தப் பாத்துச் சிரிக்க வச்சுட்டானே பாவி" என்றார். பிணத்தை அவர் அப்படித்தான் சொல்வார். பிறகு, "தண்டபாணி, மிஞ்சின காகிதம் கெடக்கு. புஸ்தகமாவே போட்டுரு" என்றார். அண்ணன் வைத்த பெயர் 'சும்மா செத்தவர்கள்'.

எட்டு எட்டுப் பக்கமாகத்தான் நாங்கள் அடிப்போம். இருக்கிற எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் வரும். அடித்து முடித்ததும் எழுத்தைப் பிரித்து மறுபடி குழிகளில் போட்டால்தான் அடுத்த எட்டு. அடித்த தாள்கள் வெட்டுக் கத்திக்குக் கீழே அடுக்கில் சேர்ந்துகொண்டே வந்தன.

இனி என் சாவுக்கு வருகிறேன்.

உருளைக்கிழங்குக் கதை அச்சான கொஞ்ச நாளில், பள்ளங்கியில் நிஜமாகவே சவப்பெட்டி வாங்கி வைத்திருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். அவரைப் பார்த்துத்தான் அண்ணன் கதையே கட்டினார், அவருக்கு வயது எண்பதுக்கு மேல் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பயத்துக்கு அதெல்லாம் தெரியாது. அந்த நேரம் பார்த்துப் புதுக் கதை ஒன்றைக் கோர்த்து, பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார்.

ஒரு கம்பாசிட்டர். தச்சர் ஆணியைக் கவ்வுவது போல ஈயத் தகடுகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் உள்ளவன். வருஷக்கணக்கில் உள்ளே போன ஈயத்தால் கனத்துப்போய்ச் சாகிறான். நாலு பேர் தூக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. எட்டுப் பேர், முடியவில்லை. கடைசியில் முதலாளி வந்து, எரிப்பதும் உருக்குவதும் ஒன்றுதானே என்று அவனைப் பெரிய சட்டியில் போட்டு உருக்குகிறார். அருமையான எழுத்து வார்ப்பு ஒன்று கிடைக்கிறது. அதில் முதலில் அச்சாவது அவனுடைய மனைவியின் மறுமணப் பத்திரிகை.

படித்து முடித்தபோது என் உதட்டில் இரண்டு தகடு இருந்தது.

அன்றிலிருந்து தகட்டை வாயில் வைப்பதை விட்டேன். வெல்லத்தைக் கூடுதலாகக் கேட்டு வாங்கித் தின்றேன். மாவுமில்லில் போய் எடை பார்த்தேன். கூடியிருந்தது. வெல்லம் என்று மனசு சொல்லவில்லை, ஈயம் என்றது. ஒருநாள் கண்ணாடியில் ஈறைத் தூக்கிப் பார்த்தேன். பல்லடியில் நீலமாக ஒரு கோடு. ஈயம் ஏறினால் அப்படித்தான் கோடு விழும் என்று மதுரையில் கேள்விப்பட்டிருந்தேன். அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, நான் போயிட்டேன்."

"எங்கலே போயிட்ட? எதுத்தாப்ல தான நிக்கிற?"

"ஈறப் பாருங்கண்ணே. நீலம். நீங்க எழுதுனபடியே ஆயிருச்சு. உருக்கீராதீங்கண்ணே. கல்லறைத் தோட்டத்துல புதைக்கச் சொல்லுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன்ன உருக்குனா நல்ல எழுத்து வராதுலே. எல்லாம் ஒடஞ்ச எழுத்தா வரும்" என்றார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சரி வா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம். தனியாப் போனா வழியிலயே பயந்து செத்துருவ."

பொத்தானைப் போட இடது கையைத்தான் உபயோகித்தார். அப்போது நான் என் ஈறைத் தவிர வேறெதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

டாக்டரம்மா கண்டிப்பானவர். என் கதையைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. "ஆ காட்டுங்க" என்றார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஈறில் ஒரு தேய் தேய்த்தார். பஞ்சைத் தூக்கிக் காட்டினார். நீலம் பஞ்சில் இருந்தது, ஈறில் இல்லை.

"என்ன இது?"

ஹோட்டல்காரருக்கு அந்த வாரம் முழுக்க நீல மையில் சாப்பாட்டு அட்டை அடித்திருந்தோம். மை ஒட்டிய விரலாலேயே நான் நாளைக்குப் பத்துத் தடவை ஈறைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

"இங்க்கம்மா" என்றேன்.

"பல் தேய்ங்க, சரியாயிரும். நெக்ஸ்ட்."

அண்ணன் மூக்கு வழியாகச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் வாயைத் திறந்தே சிரித்துவிட்டார். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிடப் போனவர் நின்றார்.

"நீங்க யாரு?"

"இவனுக்குத் தொணைக்கு வந்தேம்மா."

"இன்னொரு தடவ சிரிங்க."

"சொன்னா எப்படிம்மா சிரிப்பு வரும்?"

"அப்ப வாயத் தெறங்க."

இன்னொரு பஞ்சை எடுத்து அவருடைய ஈறைத் தேய்த்தார். பஞ்சைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. மறுபடி அழுத்தித் தேய்த்தார். கோடு அங்கேயே இருந்தது.

"ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க."

நீட்டினார். இடது கை நின்றது. வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே தனியாக மடங்கித் தொங்கியது, நனைந்த துணி மாதிரி. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல, "அது அப்பப்ப இப்படித்தாம்மா. சொன்னா கேக்காது" என்றார்.

"வயிறு வலிக்குமா?"

"முறுக்கும்."

"எத்தன நாளா?"

"அது கெடக்கும்மா, ரொம்ப நாளா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மொட்டை போடுகிறவரின் கை, வாசலில் வைத்தியர்கள் சண்டை போடும்போது உள்ளே சுருண்டு கிடந்தவரின் வயிறு, எல்லாம் அண்ணனுடையவை. என்னைப் பற்றி ஒரே ஒரு கதைதான் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

அடுப்பு எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் நிற்கிறார் என்றெல்லாம் டாக்டரம்மா கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "இன்னைக்கே வேலைய விடணும். ஈயத்தோட வாசனையே படக்கூடாது. விட்டா கை மெல்லத் திரும்பலாம். கிட்னியும் தப்பிக்கலாம். திரும்பவும் அங்க போய் நின்னீங்கன்னா அப்புறம் நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"சரிம்மா" என்றார் அண்ணன். "மூணு பக்கம் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு நின்னுக்கிறேன்."

விஷயம் இதுதான். புத்தகத்தின் கடைசி எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் கதை முடிந்துவிட்டது. மூன்று பக்கம் காலி. முதலாளியிடம் போய் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"காலியாவே விடுப்பா. யாரு கேக்கப்போறா?"

"வெறும் பக்கமா விட்டா, கணக்குத் தெரியாதவன் அடிச்ச புஸ்தகம்னு ஆயிரும் மொதலாளி."

"கிழிச்சு எறிஞ்சிருவோம்ணே" என்றேன் நான்.

"கிழிச்சா அதோட ஒட்டுன அடுத்த தாள் தையலவிட்டுக் கழண்டு வரும். நீயெல்லாம் கம்பாசிட்டரு."

"அப்ப வெளம்பரம் போடுவோம். கம்பளிக் கடைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார் முதலாளி.

"சாவுக் கதைய முடிச்ச கையோட கம்பளி வெளம்பரமா? இத வாங்காமத்தான் அத்தன பேரும் செத்தான்னு நெனைப்பாங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததில் அவருக்கே கோபம். "நாளையிலருந்து நீ இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டார். நோட்டீஸ் அடிக்கிற ஆளை எங்கே பிடிப்பது என்றுகூட யோசிக்காமல் சொன்னார்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மூன்று வெற்றுப் பக்கத்துக்காக ஒரு மனிதர் கையையும் உயிரையும் பணயம் வைப்பாரா என்று கேட்பார்கள். அச்சகத்துக்குள் இருந்தவர்கள் யாரும் அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. பக்கம் நிரம்ப வேண்டும் என்பது எங்களுக்குப் பசித்தால் சாப்பிட வேண்டும் என்பது மாதிரி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அண்ணன் வாயால் கதையைச் சொல்லட்டும், நான் எழுதிக்கொண்டுவந்து கோர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாக்கியம் மதினி காப்பி கொடுத்தார். "எப்படியாவது வெரசா எழுதி வாங்கிட்டுப் போயிருங்க தம்பி. இந்தச் சனியன் முடிஞ்சாத்தான் எனக்கு மனுசன் மிஞ்சுவாரு" என்றார்.

பென்சிலோடு உட்கார்ந்தேன். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு ஊர்ல..." என்றார். நிறுத்தினார்.

"எந்த ஊருண்ணே?"

"தெரியலயே."

"ஆளு யாரு?"

"அதத்தான்லே பாக்கேன்."

காப்பி ஆறி ஆடை படிந்தது. கடைசியில் அவர் எரிச்சலோடு, "எந்த எழுத்து இருக்கு, எது இல்லன்னு தெரியாம எப்படிலே கதை வரும்?" என்றார். வெறும் ஸ்டிக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் வரவில்லை. வாய் நிறைய வேடிக்கை பேசுகிற மனிதர், கதை என்றதும் ஊமையாகிவிட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் அச்சகத்து வாசலில் வந்து நின்றார். படி ஏறவில்லை. ஏறக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தாரே. பனியில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உள்ளே நான் கோர்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். முதலாளி இரண்டு நாள் பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் பாக்கியம் மதினியே வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நான் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மொதலாளி, அவுங்கள உள்ள விடுங்க" என்றார் மதினி.

"ஏம்மா, நீயே சொல்லுறியே. டாக்டரு சொன்னது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. வீட்டுல உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு, வெரலால தடவித் தடவி எடுக்குறாங்க. எழுத்துப் பொறுக்குறாங்களாம். சோத்துத் தட்டுலயும் அதே. நான் ஒருத்தி கூப்பிடுறது காதுல விழல. அதுக்கு இங்கயே நிக்கட்டும், ஆளாவது ஆளா இருப்பாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பி, "ஏலே அந்தோணி, அந்தச் சட்டியத் தூக்கி வெளிய வை. ஜன்னல் எல்லாத்தையும் தொற" என்றார். வாசலைப் பார்த்து, "மூணு பக்கம். அதுக்கு மேல ஒரு எழுத்த நீ தொட்டா, கதவப் பூட்டிட்டு நான் பழனிக்கே போயிருவேன்" என்று கத்தினார்.

தினமும் மதினி கூடவே வந்தார். மணிக்கட்டு விழாமல் இருக்க, பக்கத்தைச் சுற்றி இறுக்குவதற்கு வைக்கும் மரச் சட்டம் ஒன்றை அண்ணன் கையோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார். கட்டியதும் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். திறந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. என் பல் கிட்டித்தது. குளிரில் சாவேன் என்று இன்னொரு தடவை உறுதியாக நம்பினேன். என் நம்பிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

கட்டிய கையால் அவர் எழுத்தை எடுக்கும்போது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது நிற்காது. இரண்டு எடுத்தால் ஒன்று விழும். நான் குனிந்து குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். "நானே எடுத்துத் தாரேண்ணே, எதுன்னு மட்டும் காட்டுங்க" என்றேன். நாடியால் குழியைக் காட்டினார், நான் எடுத்தேன். இரண்டு வரி அப்படிப் போனது. பிறகு ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். "நீ எடுக்குறதுக்குள்ள அடுத்தது மறந்துபோகுதுலே" என்றார். மறுபடி அவரே எடுத்தார். முன்பு ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை வாரக்கணக்கில் இழுத்தது. நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிஷினோரம் உட்கார்ந்துவிடுவார். மதினி எழுந்து வந்து நீவிவிடுவார். மூக்குச் சிரிப்பு ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசிக் கதைக்கு நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது பக்கத்தின் கடைசி வரி சரியாகப் பக்கத்தின் அடியில் வந்து நின்றது. ஒரு வரி கூடவில்லை, ஒரு வரி குறையவில்லை. அண்ணன் எழுத்து சிதறாமல் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு, "அடிச்சிரு" என்றார்.

அடிப்பதற்கு முன் நான் பிழை பார்த்தேன். பிழை இல்லை. கதையும் இல்லை. ஒரு ஆள் பஸ்ஸுக்கு நிற்கிறான். குளிருகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் நேரம் கேட்கிறான். பஸ் வருகிறது, ஏறிப் போகிறான். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. எங்கே சிரிப்பது என்று இரண்டாம் தடவையும் படித்துப் பார்த்தேன். முதலாளியும் படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மிஷின்காரரிடம் கொடுத்துவிட்டார்.

புத்தகம் தைத்து வந்தபோது அண்ணன் படுத்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் பிரித்துப் பிடித்தேன். மற்றதையெல்லாம் தள்ளச் சொல்லிவிட்டுக் கடைசி மூன்று பக்கத்தை மட்டும் படித்தார்.

"மோசமா இருக்குலே" என்றார்.

"நல்லாத்தான்ணே இருக்கு."

"நீ ஈறு பாத்த லச்சணம் எனக்குத் தெரியாதா? மோசமாத்தான் இருக்கு. ஆனா பக்கம் நெரம்பிருச்சு."

அந்தப் புத்தகத்தை வாங்கியவர்களிடம் நான் பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறேன். உருளைக்கிழங்குக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். மொட்டைக் கதையைச் சொல்வார்கள். பஸ் கதையைக் கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறதா என்பார்கள். ஒருவர் மட்டும், அது ஏதோ அச்சகத் தவறில் வேறு புத்தகத்துப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார்.

என்னை எந்தக் கதையும் கொல்லவில்லை. தண்டபாணி அண்ணனை முதலாளி தம் செலவில் மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு சிறுநீரகத்தையும் ஈயம் கெடுத்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள். கை திரும்பவில்லை. மார்கழி முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.